காபிக் கடை தந்தது சுவையா? உறவா?

நடுவர் அவர்களே! எதிரணியில் பேசிய தங்கை, "காபிக் கடைக்குப் போறது காபி குடிக்கத்தானே, கதை பேசவா?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அம்மா, கதை பேசத்தான்! சரித்திரமே அதைத்தான் சொல்கிறது.

1675-ல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் சார்லஸ், காபிக் கடைகளை மூடச் சொல்லி ஆணை போட்டான். காபி கசக்கிறது என்றா போட்டான்? அங்கே உட்கார்ந்து ஜனங்கள் அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்களே என்று போட்டான்! எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். மன்னன் பயந்தது டிகாஷனுக்கு அல்ல ஐயா, பேச்சுக்கு!

நம் நாட்டுக்கு வருவோம். இன்றைக்கு ஊருக்கு ஊர் ஒரே பெயரில் காபிக் கடை இருக்கிறதே, அதற்கு முன்னோடி இந்தியா காபி ஹவுஸ். விளைந்த காபியை உள்நாட்டிலேயே விற்க வழி தேடி 1935-ல் ஒரு காபி வரிக் குழு அமைந்தது. அதன் முயற்சியில் 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் கடை. பிறகு நாடெங்கும் கிளைகள். ஆரம்பித்தது வியாபாரத்துக்காகத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

1950-களின் நடுவில் காபி வாரியம் கொள்கையை மாற்றியது. கடைகளை மூட முடிவு. சிப்பந்திகளுக்கு வேலை இல்லை! அத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வர வேண்டிய நிலை. அப்போது ஏ.கே. கோபாலன் என்ற தலைவர் அவர்களிடம், "நீங்களே சேர்ந்து கடையை நடத்துங்கள்" என்றார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அதே ஆண்டு அக்டோபரில் டில்லியில் கடை திறந்தார்கள். 1958-ல் திருச்சூரில். நேற்றுவரை தட்டு ஏந்தியவர் இன்று கடைக்கே பங்குதாரர்! வியாபாரம் கைவிட்டதைத் தூக்கி நிறுத்தியது எது? சுவையா? சேர்ந்து நின்ற உறவு ஐயா, உறவு!

டில்லி கன்னாட் பிளேசில் இருந்த காபி ஹவுஸ் அரசியல் பேச்சுக்குப் பேர் போனது. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் அதை இடித்தே விட்டார்கள். சார்லஸ் ஆணை போட்டு முந்நூறு வருஷம் ஆகியும் பயம் மட்டும் மாறவில்லை பாருங்கள்!

"அதெல்லாம் பழங்கதை சார்" என்பீர்கள். புதுக்கதைக்கு வருகிறேன். 1996-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டே. 2012-ல் மும்பையில் ஸ்டார்பக்ஸ். இப்படி ஒரு கடைக்கு என் பிள்ளை என்னைக் கூட்டிக்கொண்டு போனான். "ஒரு காபி" என்றேன். சின்னதா, பெரிசா, சூடா, ஜில்லுன்னா, எந்தப் பால் என்று கேள்வி மேல் கேள்வி! எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் காபி கேட்டால் ஒரே கேள்விதான்: "இப்பத்தானே குடிச்சீங்க?"

கடைசியில், "உங்க பேர் என்ன சார்?" என்றான் அந்தத் தம்பி. காபிக்கு எதுக்குப்பா பேரு? கோப்பையில் எழுதுவானாம். எழுதினான், கூப்பிட்டான், கொடுத்தான். பேரைத் தெரிந்துகொண்டான், ஆளைத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆனாலும் அங்கே ஒன்று பார்த்தேன். பக்கத்து மேஜையில் இரண்டு பிள்ளைகள். காபி ஆறி அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஒருத்தன் வேலை போன கவலையைச் சொல்கிறான், இன்னொருத்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அந்த விலை காபிக்கா கொடுத்தார்கள்? எதிரெதிரே போட்ட அந்த இரண்டு நாற்காலிக்குக் கொடுத்தார்கள்!

சுவை நாக்கில் இருக்கும் வரைதான். பேசிய பேச்சு காலமெல்லாம் நிற்கும். எனவே காபிக் கடை நமக்குத் தந்தது உறவே, உறவே என்று கூறி விடைபெறுகிறேன்.