செக்றோலும் கணினிப் பதிவும்: சப்ரகமுவத் தோட்டங்களின் வரலாறு காட்டும் ஒரு வினா

பல்கலைக்கழகக் கணினி வலையமைப்பைப் பயன்படுத்த விரும்பும் மாணவர் ஏற்கவேண்டிய விதிகளில் ஒரு கருத்து உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவிற் காணப்படுகின்றது: வலையமைப்பு நிறுவனத்தின் சொத்து, ஆதலின் அதனூடாகச் செல்வதைக் கண்காணிக்கும் அதிகாரம் நிறுவனத்துக்கு உண்டு. உடைமையிலிருந்து பார்க்கும் உரிமையை வருவித்துக்கொள்ளும் இவ்வாதம் கணினியோடு பிறந்ததன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து இன்று பல்கலைக்கழகம் புகும் மாணவரின் பாட்டனும் பூட்டனும் இதன் கீழேயே வாழ்ந்தனர். அவ்வனுபவத்தைக் கொண்டு இவ்வாதத்தின் தகுதியை நோக்குவது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி, தான் செல்லவேண்டிய தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லையை அணிந்தே வந்தான். தோட்டம் மாற விரும்பியபோது, கடன் தொகை குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டம் அவனை ஏற்காது. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. செக்றோல் நிலைத்தது. காலைப் பெரட்டில் யார் நின்றார், யார் நிற்கவில்லை, எத்தனை இறாத்தல், எவ்வளவு முற்பணம் என்பன யாவும் அதில் ஏறின. கணக்கப்பிள்ளை எழுதினார், துரை பார்த்தார், எழுதப்பட்டவன் மட்டும் பார்த்ததில்லை.

வாழிடத்திலும் இதுவே நியதி. லயத்தின் காம்பராவுக்கு வாடகை இல்லை என்பதனால் குடியிருப்போனுக்கு அதில் உரிமையும் இல்லை. தோட்டப் பாதை தனியார் பாதையாதலின், விருந்தாளியும் தொழிற்சங்க அமைப்பாளனும் அத்துமீறுவோராகக் கருதப்படக்கூடியவர்கள். 1946 இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்கெனச் சுவீகரித்தபோது, வெளியேற மறுத்த தொழிலாளர் தாம் குடியிருந்த அறைகளிலேயே அத்துமீறி நிற்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அதனை எதிர்த்து எழுந்த வேலைநிறுத்தம் கேகாலைக்கு அப்பாலும் பரவியது. தன் வீட்டிலேயே அந்நியனாக்கப்படுபவனுக்கு அந்தரங்கம் எங்கிருந்து வரும்?

கடிதத்தின் கதை இதனினும் நுட்பமானது. அஞ்சற் பை அரசின் உடைமை. ஆயினும் பையினுள் இருக்கும் கடிதம் அரசினுடையதன்று. 1908 ஆம் ஆண்டின் அஞ்சற் கட்டளைச் சட்டம், ஊழியர் கடிதத்தை உடைப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இன்மையால் கடிதங்கள் மொத்தமாகத் தோட்ட அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டன; சட்டத்தின் காவல் தோட்ட வாயிலோடு நின்றது. தப்பாற்காரர் கொணர்ந்த பை அலுவலக மேசையிற் பிரிக்கப்பட்டது. யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்பதை அங்கே அனைவரும் அறிவர். காலந்தாழ்ந்தோ கிடையாமலோ போன கடிதங்களில் நேர்முகத் தேர்வு அழைப்புகளும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதங்களும் அடங்கும். இம்முறை அண்மைக்காலம் வரை பல தோட்டங்களில் நீடித்தது.

எனினும் பதிவேடு எப்போதும் தொழிலாளியின் பகையாகவே இருந்தது என்பது முழு உண்மையன்று. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் 1946 சனவரி 1 க்கு முந்திய தொடர்ச்சியான வதிவை நிரூபிக்குமாறு கேட்டது: மணமானோர்க்கு 7 ஆண்டு, மணமாகாதோர்க்கு 10 ஆண்டு. செக்றோலே அங்கு சான்றாயிற்று. அதுவோ அலுவலகப் பெட்டியில் இருந்தது. பிரதி தொழிலாளியிடம் இல்லை. பெயர் பிழையாக ஏறியிருந்தால் திருத்தும் வழியும் இல்லை. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட, குடியுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. இதற்குக் காரணம் பதிவேடு மட்டுமன்று. சட்டத்தின் நோக்கமே அதுதான். ஆயினும் தன்னைப் பற்றிய ஏடு தன் கைக்கு எட்டாதிருத்தல் என்ன விலை கேட்கும் என்பதை மலையக மக்களைப்போல் அறிந்தவர் இந்நாட்டில் வேறெவரும் இலர்.

இப்பின்னணியில் பெலிகுல் ஓயாவை நோக்குவோம். சப்ரகமுவப் பல்கலைக்கழகம் 1996 இல், பலாங்கொடைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அணித்தாகத் தொடங்கியது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பின் வழியே 2020 இல், கொரோனாக் காலத்தில், விரிவுரைகள் கைப்பேசிக்கு வந்தன; வகுப்பறை லயத்துக் காம்பராவுக்குள்ளேயே புகுந்தது எனலாம். இத்தகைய வலையமைப்புகளின் பதிவில் எது ஏறக்கூடும்? யார், எந்தக் கருவியில், எத்தனை மணிக்கு நுழைந்தார், எத்தளத்துக்குச் சென்றார் என்பன ஏறலாம். செய்தியின் உள்ளடக்கம் மறைகுறியீட்டுக்குள் இருப்பினும் தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும். உறையைப் பிரிக்காமலே அனுப்புநரை அறிந்த தோட்ட அலுவலகத்தை இது நினைவூட்டுகின்றது. செக்றோல் பகலை மட்டும் எழுதியது. இது இரவையும் எழுதுகின்றது. மருத்துவ ஆலோசனை தேடிய மாணவி, தொழிற்சங்கச் செய்தி வாசித்த மாணவன் ஆகியோரின் தடமும் அதில் இருக்கலாம்.

பதிவே வேண்டாமென நாம் வாதிடவில்லை. வலையமைப்பு தாக்கப்படும்போதும், மாணவியொருவர் இணைய வழியே துன்புறுத்தப்படும்போதும் பதிவின்றி உண்மையைக் காண இயலாது. எமது வினா வேறு: யாருடைய எழுத்துமூல ஆணையின்பேரில் அது பார்க்கப்படும்? எத்தனை நாள் வைக்கப்படும்? தன்னைப் பற்றிய பதிவை மாணவர் கேட்டுப் பெறலாமா? 'வலையமைப்பு எமது சொத்து' என்பது இவற்றுள் எதற்கும் விடையாகாது. அஞ்சற் பை பற்றிய சட்டம் அதனை 1908 இலேயே ஒப்புக்கொண்டது.

சட்டத்தின் நிலை உற்சாகம் தருவதாயில்லை. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக எண்ணவில்லை. 2015 இல் சேர்ந்த தகவலுரிமைப் பிரிவில் அச்சொல் ஒரு கட்டுப்பாடாக மட்டுமே வருகிறது. இந்திய உயர்நீதிமன்றம் 2017 இல் அதனை அடிப்படை உரிமையென ஏற்றது. இங்கு 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவைப் பார்க்கவும் பிழையைத் திருத்துமாறு கேட்கவும் வழிவகுத்தது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, அத்திகதி பிற்போடப்பட்டது.

பல்கலைக்கழகங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கையொப்பமிடுமுன் மாணவர் வாசித்து விளங்கும் வகையில் விதிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடவும், பதிவுகளைப் பார்ப்போர் யாரெனக் குறிக்கவும், அழிக்கும் காலத்தை நிர்ணயிக்கவும் பேரவையின் ஒரு தீர்மானம் போதும்.