ஏட்டில் வாழ்ந்ததும் ஏறி இறக்குவதும்

மறைந்துவரும் பானத்தை மீட்பது என்றால் எதை மீட்பது? நியூயார்க்கின் பழைய காக்டெயிலையும் தென்காசிச் சீமையின் பதநீரையும் அருகருகே வைத்தால் விடை தெளிவாகிறது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. காக்டெயில் கலக்கத் தெரிந்தவர்களில் சிலர் லண்டனுக்கும் ஹவானாவுக்கும் போனார்கள். பலர் தொழிலையே விட்டார்கள். ஆனாலும் செய்முறைகள் அழியவில்லை. ஜெர்ரி தாமஸ் 1862-லேயே அவற்றை நூலாக்கியிருந்தார். லண்டன் சவாய் ஓட்டலின் ஹாரி கிராடக் 1930-ல் இன்னொரு பெருந்தொகுப்பைத் தந்தார். அதனால்தான் 1999 இறுதியில் சாஷா பெட்ராஸ்கி நியூயார்க்கில் ‘மில்க் அண்ட் ஹனி’ என்ற சின்னஞ்சிறு பாரைத் திறந்து, அன்றன்று பிழிந்த சாறு, கையால் வெட்டிய ஐஸ், பிசகாத அளவு என்று பழைய சுவையை மீட்க முடிந்தது. அதன் வழியில் பல நாடுகளில் பார்கள் எழுந்தன.

தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பனம்பாளைச் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். சட்டம் பதநீரைத் தடுக்கவில்லை. இருந்தும் அது அருகிவருகிறது, பனையேறிகள் குறைந்துவிட்டதால். எந்தப் பருவத்தில் பாளையை நசுக்குவது, எவ்வளவு மெல்லிசாகச் சீவுவது என்பதெல்லாம் காலையும் மாலையும் மரமேறிப் பழகிய கைக்குத்தான் தெரியும். அதை ஏட்டில் படித்து வரவழைக்க முடியாது.

காலமும் இரண்டையும் பிரிக்கிறது. காக்டெயிலுக்கான விஸ்கி ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். காலையில் இறக்கிய பதநீரை அன்றைக்கே குடித்தாக வேண்டும். பதநீர் கோடையில் பெருகும். குற்றாலத்தில் கூட்டம் சேர்வதோ ஆனி, ஆடிச் சாரலில். அருவியில் குளித்து வருபவர் அப்போது பருகக்கூடியது கருப்பட்டிக் காப்பி. பதநீரைக் காய்ச்சி இறுக்கிய கருப்பட்டிதான் அந்தச் சுவையை ஆண்டு முழுதும் காத்துத் தருகிறது.

ஒற்றுமையும் உண்டு. இரண்டுக்கும் புதுமை மாறாத சாறு வேண்டும். கைத்திறனை மதித்துக் காசு கொடுக்கும் மனமும் வேண்டும். ஆனால் நியூயார்க்கில் கலப்பவர் பெயரெடுக்கிறார். இங்கே பனையோலைப் பட்டையில் பதநீரைக் குடித்துவிட்டுப் போகிறோம்; இறக்கியவர் யாரென்று கேட்பதில்லை.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்றும், 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும் 2021-ல் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. மனதார வரவேற்கிறேன். ஆனால் விதை மரமாகிப் பாளை விடப் பல்லாண்டு ஆகும். அதற்குள் பனையேற்றம் தெரிந்த தலைமுறை ஓய்ந்துவிட்டால், மரம் நின்றும் பதநீர் இருக்காது. கட்டுப்படியாகும் விலை, விழுந்தால் தாங்கும் காப்பீடு, இளையோருக்குப் பயிற்சி: விதையோடு சேர்த்து இந்த மூன்றையும் ஊன்றுவதே பதநீரை மீட்கும் வழி.