சிக்கலான பிள்ளைப்பேறும் மருத்துவமாதின் பணியும்

கர்ப்பவதி ஒருவரின் பதிவேட்டில் 'ஆபத்துக் கூடியவர்' என்ற குறிப்பு எழுதப்பட்டவுடன் மருத்துவமாதின் கடமை முடிந்துவிடுகிறது, அதன் பின்னர் எல்லாம் மகப்பேற்று வைத்திய நிபுணரின் பாடு என்ற எண்ணம் எம்மவரிடையே பரவலாக இருந்துவருகிறது. சாதாரண பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமாது போதும், சிக்கலானதற்கு வைத்தியர்தான் வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமான பேச்சே. ஆயினும் அதில் பாதி உண்மையே உண்டு. சத்திரசிகிச்சை செய்வதும் மருந்தைத் தீர்மானிப்பதும் வைத்தியரின் பணி என்பதில் ஐயமில்லை. ஆனால், சிக்கலின் முதல் அறிகுறியைக் கண்டுகொள்பவர் யார், அதனை அத்தாய்க்கு விளங்கும் விதத்தில் எடுத்துச் சொல்பவர் யார், வைத்தியசாலைக்குப் போகத் தயங்கும் குடும்பத்தை இணங்கவைப்பவர் யார், எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பின் படலையைத் திறந்துகொண்டு வந்து நலம் விசாரிப்பவர் யார் என்று கேட்டுப் பார்த்தால் விடை வேறாக இருக்கும். சிக்கல் கூடும்போது மருத்துவமாதின் வேலை குறைவதில்லை, கூடுகிறது என்பதே எமது கருத்து.

யாழ்ப்பாணத்தில் இப்பணியைச் செய்தவர்களின் பெயரும் நிலையும் காலத்தோடு மாறிவந்துள்ளன. முன்னாளில் ஊர்தோறும் மருத்துவிச்சி இருந்தாள். பரம்பரைத் தொழிலாகவே அது அமைந்திருந்தது. பிள்ளை பிறந்த வீட்டை விட்டுக் 'கொத்தி'யைக் கலைப்பதும் சில ஊர்களில் அவளது பொறுப்பாகவே இருந்தது. இயல்பான பிரசவத்தில் அவளது கை தேர்ந்த கை. ஆனால் தாய்க்கு வலிப்பு வந்தாலோ, நச்சுக்கொடி விழாமல் குருதி பெருகினாலோ அவளிடம் மருந்தும் இல்லை, அனுப்பிவைக்க இடமும் இல்லை. அதற்காக அவளைக் குறைகூறுவது நியாயமன்று. பிள்ளையை உயிரோடு ஏந்திக் கொடுத்தவளை முற்றத்தில் நிறுத்திக் கூலி கொடுத்த சமூகமே வெட்கப்பட வேண்டும்.

அச்சூழலில்தான் 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். மோன்செல் என்பாரின் ஆங்கில மகப்பேற்று நூல் 1857 இல் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது அம்முயற்சியின் பயனே. சிக்கலான பிரசவத்தை எவ்வாறு கையாள்வது என்று தமிழில் படிக்கக்கூடிய நூலொன்று ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்னரே எம்மிடம் இருந்திருக்கிறது என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். பின்னர் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென மிஷன் வைத்தியசாலையொன்று எழுந்தது. மக்லியொட் வைத்தியசாலை என்ற பெயரைவிட 'இணுவில் ஆஸ்பத்திரி' என்ற பெயரே குடாநாட்டு மூத்தோரின் நாவில் இன்றும் நிற்கிறது.

அரசாங்கத்தின் பக்கத்தில், 1879 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட டி சொய்சா மகப்பேற்று மனை மருத்துவமாதர் பயிற்சிக்கு வழிதிறந்தது. 1926 இல் களுத்துறையில் அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவு, மருத்துவமாதை வைத்தியசாலைக்கு வெளியே கிராமத்துக்குள் அனுப்பிய ஏற்பாட்டின் தொடக்கம். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000 க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 30 ஐ ஒட்டி நிற்கிறது. மலேரியா ஒழிப்பும், இலவசக் கல்வியும், குருதி வங்கியும், நுண்ணுயிர்கொல்லி மருந்துகளும் இதில் பங்குகொண்டவையே. எனினும் வருமானத்தில் எம்மைவிட முன்னேறிய நாடுகள் பலவும் எட்டாத இந்நிலையை ஆராய்ந்தவர்கள், கிராமத்து மருத்துவமாதையே அதன் முதற் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியுள்ளனர்.

இன்று அவரது பதவிப்பெயர் குடும்பநல உத்தியோகத்தர். பதினெட்டு மாதப் பயிற்சி பெற்று, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ், சில ஆயிரம் மக்கள் வாழும் பிரிவொன்றுக்குப் பொறுப்பாக இருப்பவர். வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்துபோன நிலையில், பிள்ளையைப் பெறுவிக்கும் வேலை வைத்தியசாலை விடுதியிலுள்ள மருத்துவமாதர், தாதியர், வைத்தியர் ஆகியோரிடம் சென்றுவிட்டது. ஆகவே, திரிபோஷாப் பைக்கற் கொடுப்பவர், குழந்தையை நிறுப்பவர் என்ற அளவிலேயே அவரைக் காணும் வழக்கம் வந்துவிட்டது.

உண்மையில் அவரது கண் தேடுவது வேறொன்றை. முதற் சந்திப்பிலேயே வயது, உயரம், நிறை, முன்னைய பிள்ளைப்பேறுகளின் வரலாறு, குடும்பத்தில் நீரிழிவோ இருதய நோயோ உண்டா என்பனவெல்லாம் கேட்டுப் பதியப்படுகின்றன. கர்ப்பந்தரித்து எட்டு வாரத்துக்குள் இப்பதிவு நடைபெறவேண்டும் என்பதற்குக் காரணமுண்டு. பிள்ளைப்பருவத்துக் காய்ச்சலால் இருதய வால்வு பழுதுபட்ட பெண்ணொருத்தி அதனை அறியாமலே கர்ப்பந்தரிக்கலாம். 'மாடியேற இளைக்குது' என்று அவள் கூறுவதைக் கர்ப்பத்தின் அசதி என்று விடாமல் வைத்திய அதிகாரியிடம் அனுப்பிவைப்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

கர்ப்பகாலத்தில் ஏறும் குருதியமுக்கம் இவற்றுள் மிகவும் சூதானது. இருபதாம் வாரத்தின் பின்னர் அமுக்கம் 140 க்கு 90 அல்லது அதற்கு மேல் சென்று, சிறுநீரில் புரதமும் காணப்படுமாயின் அது வலிப்பு நோக்கிய பாதையாக இருக்கலாம். ஆரம்பத்தில் நோவில்லை, காய்ச்சலில்லை. காலில் வீக்கம் தோன்றினால் 'எல்லாருக்கும் வாறதுதானே' என்று வீட்டிலுள்ள மூத்தோர் ஆறுதல் கூறுவர். அதுவும் பெரும்பாலும் சரியே. ஆனால் முகமும் கையும் வீங்குவதும், தலையிடி மாறாமலிருப்பதும், கண்முன் பூச்சி பறப்பதும், மேல்வயிற்றில் குத்துவதும் வேறு. மேல்வயிற்றுக் குத்தை வாய்வு என்று எண்ணி இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்போர் உண்டு. ஈரல் பாதிக்கப்படுவதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம் என்பதை அந்த வீட்டுக்குச் சென்று கூறக்கூடியவர் மருத்துவமாதே. மக்னீசியம் சல்பேற்று ஊசி வலிப்பைத் தடுக்கவல்லது. ஆனால் ஊசி இருக்கும் இடத்துக்குத் தாய் வந்து சேரவேண்டும்.

கர்ப்பகால நீரிழிவு இன்று எம்மிடையே பெருகிவரும் மற்றொரு சிக்கல். கிளினிக்கில் கொடுக்கப்படும் உணவு அட்டவணை நல்லதே. எனினும் காலையில் இடியப்பம், மதியம் சோறு, இரவில் புட்டு என்று ஓடும் அடுக்களையில் அவ்வட்டவணையை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை அடுக்களையைக் கண்டவரே கூறமுடியும்.

பிரசவ அறையிலும் இக்கதை தொடர்கிறது. நோக்காடு தொடங்கியதிலிருந்து கருப்பை வாயின் விரிவு, குழந்தையின் இருதயத்துடிப்பு, தாயின் நாடி என்பவற்றை ஒரே வரைபடத்தில் குறித்துவரும்போது, பிரசவம் தடைப்படுவதைக் கோடு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அக்கோட்டை இடுபவர் கட்டிலருகே நிற்பவர். பிள்ளை பிறந்த பின் ஏற்படும் குருதிப்பெருக்கில் காலம் மணிக்கணக்கில் அன்றி நிமிடக்கணக்கில் ஓடுகிறது. அரை லீற்றருக்கு மேல் குருதி போகுமாயின் அது ஆபத்தின் வாசல். ஏற்கெனவே குருதிச்சோகையுள்ள தாய்க்கு அதைவிடக் குறைந்த இழப்பே போதும். கருப்பை இறுகும்வரை வயிற்றின் மேலாக அழுத்தித் தேய்ப்பது, ஒக்சிற்றோசின் கொடுக்கப்பட்டதா என உறுதிசெய்வது, சிறுநீர்ப்பை நிரம்பியுள்ளதா என நோக்குவது, உரக்க அழைத்து உதவி சேர்ப்பது ஆகியவை வைத்தியர் வந்துசேரும் முன் தொடங்கவேண்டியவை. மருத்துவமாது என்பவர் யார் என்று சர்வதேச மருத்துவமாதர் கூட்டமைப்பு வகுத்துள்ள வரைவிலக்கணத்திலும், சிக்கலைக் கண்டறிதலும் அவசர நடவடிக்கை எடுத்தலும் அவரது தொழிலின் பகுதிகளாகவே கூறப்பட்டுள்ளன. சுவீடனில் 1829 இலேயே மருத்துவமாதருக்கு ஆயுதப் பிரசவம் செய்ய அனுமதி வழங்கப்பட்டது. வைத்தியரில்லாத தொலைதூரக் கிராமங்கள் அங்கு நிறைந்திருந்தமையே காரணம்.

தூரம் என்பது எமக்கும் புதிதன்று. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் ஏறக்குறைய ஒரு மணிநேரப் பயணம். அதன் பின்னரே யாழ். போதனா வைத்தியசாலைக்குத் தரைவழி. கச்சான் காலத்திலும் வாடைக் காலத்திலும் கடல் எப்போது விடும் என்பதை யாரும் உறுதிகூற முடியாது. ஆகவே சிக்கல் உள்ளவர் என்று அறியப்பட்ட தீவகத் தாயை நாள் நெருங்கும் முன்னரே குடாநாட்டுக்கு வந்து தங்கச் செய்வதே பாதுகாப்பான வழி. தங்க உறவினர் உண்டா, மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது, கடற்றொழிலுக்குப் போகும் கணவர் எத்தனை நாள் வேலையை விடமுடியும் என்பனவெல்லாம் மருத்துவப் பிரச்சினைகளாகத் தோன்றமாட்டா. ஆனால் உயிரைத் தீர்மானிப்பவை பல வேளைகளில் இவையே.

போர்க்காலத்தை இங்கு நினையாமலிருக்க முடியாது. பொருளாதாரத் தடையும், 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து சென்ற இடப்பெயர்வும், 2006 ஓகஸ்ட்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னரான ஊரடங்கு இரவுகளும் கர்ப்பவதிகளுக்கு நாள் பார்த்து வரவில்லை. நோக்காடு ஊரடங்குக்குக் காத்திருக்குமா? அந்நாட்களில் சைக்கிளில் சென்று பணியாற்றிய மருத்துவமாதரின் வரலாறு இன்னமும் முறையாக எழுதப்படவில்லை. 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த 1990 இலவச அம்புலன்ஸ் சேவை தரைவழித் தூரத்தைப் பெரிதும் குறுக்கியுள்ளது. ஆயினும் அம்புலன்ஸை அழைக்கவேண்டிய நேரம் இதுதான் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

பிள்ளை பிறந்த பின்னரான நாட்களைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம். முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை, பின்னர் மூன்றாம் வார அளவில், ஆறாம் வார அளவில் என மருத்துவமாது வீட்டுக்கு வருகிறார். முப்பத்தொன்று கழியும்வரை வெளியே இறங்காத வழக்கம் உள்ள எமது வீடுகளில் இவ்வருகையின் பெறுமதி பெரிது. பத்தியக் கறியும் சரக்குத் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கலாம். காய்ச்சலையோ, நாற்றமுள்ள கழிவையோ, காற்பின் தசை நோவையோ தாய் வெளியே சொல்லக் கூச்சப்படலாம். குருதியமுக்கத்தால் வரும் வலிப்பு பிரசவத்தின் பின்னரும் ஏற்படலாம் என்பதையும், அந்நோய் வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்பதையும் பல குடும்பங்கள் அறிந்திருப்பதில்லை.

இவை எல்லாவற்றிலும் கடினமான வருகை ஒன்றுண்டு. பிள்ளை இறந்து பிறந்த வீட்டுக்குச் செல்வது. நிறுப்பதற்குக் குழந்தையில்லை, ஊசிக்குத் திகதி குறிக்க அட்டையில்லை. ஆனால் தாய்க்குப் பால் கட்டியிருக்கும், காயம் ஆறாதிருக்கும். வந்துபோகும் உறவினர் 'அடுத்தது கிடைக்கும்' என்று கூறிச் சென்றுவிடுவர். அவளது மார்பு நோவைத் தணிக்க வழிசொல்லவும், இறப்புக்கான காரணத்தை வைத்தியசாலை என்ன கூறியது என்று விளங்கப்படுத்தவும், அது அவளது பிழையன்று என்று மாமியார் கேட்கத்தக்கதாகச் சொல்லவும், நித்திரையின்றி வெறித்திருப்பவளை மனநல வைத்தியரிடம் அனுப்பவும் ஒருவர் வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு எவ்வளவு காலம் பொறுக்கவேண்டும் என்ற பேச்சும் அங்கேதான் தொடங்குகிறது. எந்தப் புள்ளிவிபரத்திலும் வெற்றியாகக் கணக்கிடப்படாத இந்த அரைமணி நேரத்தை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம்.

இத்தகைய பணிக்கு நேரம் வேண்டும். பக்கத்துப் பிரிவு வெற்றிடமாக இருக்கும்போது அதனையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவமாது, படிவங்களை நிரப்பிவிட்டு எஞ்சும் நேரத்தில் எத்தனை வீடுகளுக்குச் செல்லமுடியும்? 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்களில் களப்பணியாளர் பட்ட பாட்டை நாடே கண்டது. ஆளணியை நிரப்புவது மாகாண, மத்திய சுகாதாரத் துறைகளின் பொறுப்பு. தீவகப் பிரிவுகளுக்கு அதில் முன்னுரிமை வேண்டும்.

பெரிய செலவின்றி உடனே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. சிக்கலுடன் பிரசவித்த தாய் வீடு செல்லும்போது, அவருக்கு என்ன நேர்ந்தது, என்ன மருந்து கொடுக்கப்பட்டுள்ளது, எந்நாளில் குருதியமுக்கம் பார்க்கப்படவேண்டும் என்ற விபரம் கர்ப்பகாலப் பதிவேட்டில் தெளிவாக எழுதப்பட்டு, அன்றே தொலைபேசி வாயிலாக அப்பிரிவின் மருத்துவமாதுக்கும் தெரிவிக்கப்படவேண்டும். பிள்ளை இறந்திருப்பின் அச்செய்தி அவரை முதலில் அடையவேண்டும். குழந்தை எப்படி என்று சிரித்துக்கொண்டே அவர் அந்த வீட்டுப் படலையைத் திறக்கும் நிலை ஏற்படலாகாது.