கடலில்லா ஊரில் கடல் மீன்

தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. எங்களுக்கு மீன் என்றால் ஒகேனக்கல் அருவிக் கரையில் மசாலா தடவிப் பொரித்துத் தருகிறார்களே, அந்த ஆற்று மீன்தான். ஆகவே, என் தங்கை மகன் தன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்துக் கடல் மீன் வளர்க்கத் தொடங்கியபோது, வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

அவன் வைத்திருந்தவை ஆங்கிலேயர் ‘ராஸ்’ என்றழைக்கும் இனத்தைச் சேர்ந்தவை. பவளப் பாறைகளிடையே வாழ்பவை. 500-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பச்சை, ஊதா, மஞ்சள் என்று உடம்பெல்லாம் ஓவியம் தீட்டினாற் போலிருக்கும். மாலை வந்ததும் அவற்றுள் ஒன்று சட்டென்று மணலுக்குள் புகுந்து மறைந்தது. அதுவே அதன் படுக்கையாம். கூட்டத்தின் ஆண் மீன் இறந்துவிட்டால், பெண் மீன்களுள் பெரியது சில வாரங்களில் தானே ஆணாக மாறிவிடும் வகைகளும் இவ்வினத்தில் உண்டு. நம் புராணங்கள்கூட இவ்வளவு எளிதாக இதனைச் செய்வதில்லை!

மீனைத் தொட்டியிலிட்டுப் பார்க்கும் இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853-இல் பொதுமக்களுக்கென மீன் காட்சிக் கூடம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதனைக் கொண்டுவந்தவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த அவர், மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பையும் கடல்வாழ் உயிர்களையும் நேரில் ஆராய்ந்து 1890-இல் நூல் வெளியிட்டவர். அவருடைய முயற்சியின் பயனாக 1909-இல் சென்னை மெரீனா கடற்கரையில் மீன் காட்சிச் சாலை திறக்கப்பட்டது.  இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தால் 1942-இல் அது மூடப்பட்டது. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டதல்லாமல், நான் அதனைக் கண்டதில்லை.

தர்ஸ்டனுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. என் மருமகனுக்கோ கடல் நீரை வீட்டிலேயே தயாரிக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கலக்க வேண்டும். கலக்கும் நீர் தூய்மையாக இருத்தல் வேண்டும். சுத்திகரிப்புக் கருவி ஒரு குடம் நல்ல நீர் தருவதற்குள் இரண்டு மூன்று குடங்களைக் கழிவாக வெளியேற்றிவிடுகிறது. அந்தக் கழிவுக் குழாயை என் தங்கை வாய் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பற்களில் இன்றும் பழுப்புக் கறை உண்டு. ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் ஃபுளோரைடு உண்டு. எங்கள் பகுதிக் கிணறுகள் சிலவற்றில் அதனினும் அதிகம். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்படத் தொடங்கிய பிறகே காவிரி எங்கள் தெருக்களுக்கு வந்தது.

“மாமா, பாம்பன் பக்கம் போனால் பவளப் பாறை ஒரு துண்டு கொண்டு வாருங்கள்” என்றான் மருமகன். முடியாது என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. 1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப் பாறைகளைத் தொட்டியிலிட்டு வளர்க்கும் முறையை எழுதி உலகறியச் செய்தார். அவன் அதனைப் படித்திருக்கிறான். ஆனால் நம் மன்னார் வளைகுடாவின் கதை வேறு. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் அங்கே பவளப் பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். தீவுகள் இரண்டு நீரில் மூழ்கியே போயின. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வீட்டுக்கென ஒரு துண்டை உடைத்து வருதல் குற்றம்.

இவற்றை அவனிடம் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. “இந்த மீன்களை இனி நான் என்ன செய்வது?” என்று மட்டும் கேட்டான். வாங்கிய மீனைக் கடலில் விடுவதும் தீங்கு என்பதனால் என்னிடம் விடையில்லை. சென்ற வாரம் போயிருந்தேன். தொட்டியில் சாதாரணக் கற்களை அடுக்கியிருந்தான். கழிவு நீரைக் குடத்தில் பிடித்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள் என் தங்கை. புதிய மீன் எதுவும் வாங்கவில்லை. விளக்கை அணைத்ததும் பழைய மீன் மணலுக்குள் போயிற்று.