ரோட்டரி இன்ஜினும் முதல் ஐந்து நிமிடமும்

காலையில் காரை ஸ்டார்ட் செய்து, பின்னால் நிற்கும் வண்டிக்கு வழிவிடப் பத்தடி நகர்த்தி, உடனே அணைத்துவிடுகிறீர்கள். சாயங்காலம் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கமாட்டேன் என்கிறது. சாதாரண கார் என்றால் பெட்ரோல் பம்ப்பைச் சந்தேகப்படுவோம். அதுவே மாஸ்டா ஆர்.எக்ஸ்-8 என்றால், காலையில் நகர்த்திய அந்தப் பத்தடிதான் முதல் குற்றவாளி! ஏன் என்று தேடிப் போனால் 1950களின் ஜெர்மனியில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

ரோட்டரி இன்ஜினில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் கிடையாது. வால்வும் கிடையாது. பக்கங்கள் கொஞ்சம் உப்பிய சமோசா மாதிரி ஒரு முக்கோண ரோட்டார், இடுப்பு லேசாக ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள் சுற்றுகிறது. அதன் மூன்று பக்கங்களும் மூன்று அறைகள். ஒரு அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் தடுப்பது, மூன்று முனைகளிலும் செருகியிருக்கும் மெல்லிய பட்டைகள். ஏபெக்ஸ் சீல் என்பார்கள். அந்தச் சீலும் சுவரும் சேருமிடத்தில் ஒரு எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் அழுத்தம் நிற்கும்.

குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாக ஊற்றும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால், எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கி எண்ணெயைக் கழுவிவிடும், பிளக்கையும் நனைத்துவிடும். எண்ணெய் போனால் அழுத்தம் போச்சு. மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினால் இன்னும் பெட்ரோல்தான் உள்ளே போகும்.

வைத்தியம் எளிது. ஆர்.எக்ஸ்-8ல் ஆக்ஸிலேட்டரைத் தரைவரை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெட்ரோல் வருவது நின்றுவிடும். விட்டுவிட்டு, சில விநாடிகள் வீதம் சுற்றவேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் நான்கு பிளக்குகளையும் கழற்றிக் காயவைக்கவேண்டும். இக்னிஷன் காயில்களையும் பார்த்துவிடுவது நல்லது. குளிரில் ஸ்டார்ட் ஆகி, சூடாக இருக்கும்போது மட்டும் மக்கர் செய்தால் விஷயம் வேறு. சீல் தேய்ந்திருக்கலாம். சாதாரண கம்ப்ரஷன் மீட்டரை நம்பவேண்டாம். மூன்று பக்கங்களில் எது அதிகமோ அதை மட்டும்தான் காட்டும். ரோட்டரிக்கென்றே உள்ள மீட்டர்தான் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும்.

இனி சரித்திரம். இதைக் கண்டுபிடித்த ஃபெலிக்ஸ் வாங்கெல் (1902-1988) அடிப்படையில் கசிவுத்தடுப்பு நிபுணர். கண்பார்வைக் குறைவால் கடைசிவரை டிரைவிங் லைசென்ஸ் வாங்காதவர். என்.எஸ்.யு. கம்பெனியில் அவருடைய முதல் இன்ஜின் 1957 பிப்ரவரியில் ஓடியது. அதில் வெளிக்கூடும் சேர்ந்து சுற்றும். இது காருக்கு ஆகாது என்று, கூட்டை நிறுத்தி ரோட்டாரை மட்டும் சுற்றவைத்தவர் அங்கிருந்த இன்ஜினியர் ஹன்ஸ் டீட்டர் பாஷ்கே. வாங்கெலுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஆனால் பிழைத்தது அதுதான்.

1967ல் என்.எஸ்.யு. ரோ 80 வந்தது. 1968க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் வாங்கியது. அப்புறம்தான் வினை. அதன் சீல் மூன்று துண்டுகளால் ஆனது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் நடுத்துண்டு மட்டும் வேகமாகத் தேய்ந்தது. அது தேய்ந்ததும் மற்ற இரண்டும் ஆட்டம் கண்டு அழுத்தம் கசிந்தது. எதிரெதிரே வரும் ரோ 80காரர்கள், எத்தனை இன்ஜின் மாற்றினோம் என்று விரல்களைக் காட்டிக்கொள்வார்கள் என்று ஒரு பழைய ஜோக் உண்டு. கம்பெனி தட்டிக்கழிக்காமல் வாரண்டியில் மாற்றிக்கொடுத்தது. அந்த நேர்மையின் செலவையே அதனால் தாங்கமுடியவில்லை. 1969ல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்விட்டது. நடுத்துண்டுக்கு வேறு உலோகம் கண்டுபிடித்தார்கள்தான், ஆனால் போன பெயர் திரும்பவில்லை. 1977ல் கார் நின்றது.

அதே சமயத்தில் ஹிரோஷிமாவில் மாஸ்டா (அப்போது டோயோ கோக்யோ) என்.எஸ்.யு.விடம் உரிமம் வாங்கி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. கூட்டின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் விழுந்தது. பிசாசின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினியர்கள். கடைசியில் கார்பனில் அலுமினியத்தை ஊடுருவச்செய்த சீலில் விடை கிடைத்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 1991 ஜூனில் நான்கு ரோட்டார் கொண்ட 787பி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலிடம்.

ஒரு நாள் பூராவும் விரட்டினாலும் சளைக்காத இன்ஜின், வாசலில் அரை நிமிடம் ஓட்டி அணைத்தால் படுத்துக்கொள்கிறது! எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. சூடேறிவிட்டால் அதற்குப் பிரச்சினை குறைவு. சூடேறும்வரை பொறுக்கமாட்டாத ஆள் கையில் சாவி இருப்பதுதான் வில்லங்கம். 2003ல் வந்த ஆர்.எக்ஸ்-8க்கு வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டர் கொடுத்தார்கள், கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றினார்கள், அமெரிக்காவில் இன்ஜின் வாரண்டியை 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டினார்கள். ஆனால் பத்தடி நகர்த்தி அணைக்கும் மனிதனை மாற்றமுடியவில்லை. 2012ல் அதுவும் நின்றது.

2023ல் எம்.எக்ஸ்-30 ஆர்-இ.வி. என்ற காரில் ரோட்டரி திரும்ப வந்தது. அதில் சக்கரத்தை ஓட்டுவது மின்மோட்டார். ஒரே ரோட்டார் கொண்ட இன்ஜின், ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரம் தயாரிக்க மட்டும்தான். எப்போது ஓடவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ரோட்டரியை ஓட்டுநரின் சாவியிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

பழைய ரோட்டரி வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. பத்தடி நகர்த்தத்தான் எடுத்தீர்கள் என்றாலும், வெப்பமானி முள் ஏறும்வரை ஓடவிட்டு அப்புறம் அணையுங்கள்.