பந்துக்குப் பின்னால் போன பிழைப்பு

1953இல் பீட்டர் தங்கராஜ் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தில் சேர்ந்தபோது அவர் கோல்கீப்பர் அல்ல, சென்டர் ஃபார்வர்டு. செகந்திராபாத் தெருக்களில் கோல் அடித்துப் பழகிய கால்கள். ஆறடியைத் தாண்டிய அந்த உடம்பைக் கம்பத்துக்குக் கீழே நிறுத்தியது ராணுவம்தான். அதற்குப் பலன் சீக்கிரமே கிடைத்தது. 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பை வெலிங்டனுக்கு வந்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கிய இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவரும் அவர்தான்.

ஒலிம்பிக், ஆசியத் தங்கம், 1967இல் அர்ஜுனா விருது என்று அவர் புகழை அடுக்குவது எளிது. அவர் எங்கெங்கே ஆடினார் என்ற பட்டியல் வேறொரு கதை சொல்லும். ராணுவத்தை விட்டு வந்ததும் கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், அங்கிருந்து மோகன் பகான், அங்கிருந்து ஈஸ்ட் பெங்கால். ஒன்றையொன்று பரம எதிரியாகப் பார்க்கும் மூன்று கிளப்புகளின் சட்டையையும் ஒரே ஆள் போட்டார். கடைசியில் பொகாரோ உருக்காலையில் வேலை. 2008இல் பொகாரோவிலேயே காலமானார். தென்னாட்டில் தொடங்கிய வாழ்க்கை சோட்டா நாக்பூரில் போய் முடிந்தது.

இதைத் துரோகம் என்று அந்த நாளில் திட்டியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் பந்தாட்டத்தை வயிற்றுப்பாடாக எடுத்துக்கொண்ட தென்னாட்டு ஆட்டக்காரர்களுக்கு இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று உத்தியோகம், மற்றது கல்கத்தா. கடந்த முக்கால் நூற்றாண்டின் இந்தப் பக்கத்துக் கால்பந்து வரலாற்றை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

கல்கத்தா வழி பழையது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், ஆட்டக்காரர்களைப் பெங்களூர் வரை தேடிப் பிடித்த கிளப். ஈஸ்ட் பெங்கால் அதை இன்னும் பெரிதாகச் செய்தது. அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே, வெங்கடேஷ் என்ற அதன் ஐந்து முன்வரிசை ஆட்டக்காரர்களுக்குப் பஞ்ச பாண்டவர் என்று பெயர். ஐவரும் தெற்கிலிருந்து போனவர்கள். 1949, 1950, 1951 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை அந்தக் கிளப் வென்றது அவர்கள் காலத்தில்தான். வங்காளி ரசிகன் இன்றும் பெருமையாகச் சொல்லும் அந்த முன்வரிசையில் வங்காளி ஒருவர்கூட இல்லை.

அப்போது கல்கத்தாவில் எல்லாரும் பெயருக்கு அமெச்சூர்கள். பணம் மறைமுகமாக வரும், அல்லது ஒரு வேலையின் உருவத்தில் வரும். ஆண்டுக்கொரு முறை கிளப் மாறும் பருவம் வந்தால் நகரமே பரபரக்கும். எதிர்க் கிளப்புக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்ற பயத்தில், கையெழுத்துப் போடும் நாள் வரை ஆட்டக்காரரை ஓட்டலிலோ யாரோ ஒருவர் வீட்டிலோ ஒளித்து வைப்பார்கள். பின்னாளில் வந்த டோக்கன் முறையில், சங்கம் கொடுத்த டோக்கன் எந்தக் கிளப்பின் பெட்டியில் இருக்கிறதோ ஆள் அந்தக் கிளப்புக்குச் சொந்தம். முன்பணம் வாங்கிக்கொண்டு டோக்கனைக் கொடுத்தவர், அந்தப் பருவம் முடியும்வரை வேறெங்கும் அசைய முடியாது.

இதற்கு ஈடான காட்சி தமிழ்நாட்டு வரலாற்றில் தேடினால் செஞ்சியில் கிடைக்கும். அந்தக் கோட்டை 1649இல் பீஜப்பூரிடமும், 1677இல் சிவாஜியிடமும், 1698இல் முகலாயரிடமும், 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும், 1761இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. பக்கத்தில் மேல்சித்தாமூர் சமண மடத்தைச் சுற்றியிருந்த குடியானவர்கள் இத்தனை கொடிகளையும் பார்த்திருப்பார்கள். கொடி மாறியபோதெல்லாம் சிப்பாய் வேலைக்கு வந்தவர்களில் பலர் யார் சம்பளம் கொடுத்தாரோ அவருக்காக நின்றவர்கள். செஞ்சியை ஆண்டு 1714இல் மாண்ட தேசிங்கு ராஜனுக்குக் கதைப்பாடல் உண்டு. மாதச் சம்பளத்துக்கு மதில்மேல் நின்றவனுக்கு எதுவும் இல்லை. ஊர் ஊராகப் போன பந்தாட்டக்காரனின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.

சைமன் சுந்தரராஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணியிடம் இந்தியா 1-3 என்று தோற்றது. அந்த ஒரு கோல் இவருடையது. அதற்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா தகுதி பெறவே இல்லை. ஆகவே இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோல் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தமிழ்ப் பெயரில் நிற்கிறது. பிற்பாடு இவர் பயிற்சியாளராகக் கேரளத்துக்குப் போனார். 1973இல் எர்ணாகுளத்தில் ரயில்வேயை 3-2 என்று வீழ்த்திக் கேரளம் தன் முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கியபோது அணியைத் தயார்ப்படுத்தியவர் அவர். கேப்டன் மணி அடித்த ஹாட்ரிக்கைக் கேரளம் இன்றும் பேசுகிறது. தமிழ்நாடு அந்தக் கோப்பையை இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை.

இனி உத்தியோக வழி. பி.கே. பானர்ஜி மூன்று பெரிய கிளப்புகளில் எதற்கும் ஆடாமல் ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்து, 1958இல் கல்கத்தா லீக்கையும் அதற்கு வாங்கித் தந்தார். சென்னையில் இந்த வழிதான் ராஜபாட்டையாக இருந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்., வருமான வரி, சுங்கம், ஏ.ஜி. அலுவலகம், ரிசர்வ் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவைதான் அப்போது சென்னை லீக்கின் அணிகள். காலையில் பயிற்சி, பிறகு கவுன்ட்டரில் உட்காருவது, மாலையில் ஆட்டம். முப்பத்தைந்து வயதில் முழங்கால் போனாலும் ஓய்வு பெறும் வரை சம்பளம் போகாது. பெண் கொடுக்கிற வீட்டுக்கு வேறென்ன வேண்டும்?

1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் ஆடியது இந்தியன் வங்கி. தேசிய லீக்கில் ஒரு வங்கியின் ஊழியர் அணி! அதன் முகம் சையத் சபீர் பாஷா. 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது, அந்தக் கோல் பாஷாவுடையது. அவர் பிழைப்பும் சென்னையோடு முடிந்துவிட்டது. பிற்பாடு சென்னையின் எஃப்.சி.யின் பயிற்சிக் குழுவிலும் இருந்தார்.

அதே வங்கி அணிக்கு எதிர்த்திசையிலிருந்து வந்தவர் வி.பி. சத்யன். கண்ணூர்க்காரர். கேரள போலீஸ் அணியில் 1990, 1991 ஃபெடரேஷன் கோப்பை, பிறகு கல்கத்தா கிளப்புகள், 1992இல் கோயம்புத்தூரில் கேரளத்துக்கு சந்தோஷ் கோப்பை, கடைசியில் சென்னையில் வங்கி வேலை. இந்தியாவின் கேப்டன் ஒருவர் இத்தனை அலைச்சலுக்குப் பிறகும் ஒரு நிரந்தர வேலையில் போய்த்தான் ஒதுங்க வேண்டியிருந்தது. 2006இல் சென்னையிலேயே, 41 வயதில் அவர் இறந்தார். அவர் வாழ்க்கையை வைத்து 2018இல் ‘கேப்டன்’ என்ற மலையாளப் படம் வந்தது.

உத்தியோகத்தைத் தேடாமல் கிளப்புகளை நம்பியவர் ராமன் விஜயன். கல்கத்தாவின் பெரிய கிளப்புகளிலும் கொச்சியிலும் ஆடினார். 1997-98 தேசிய லீக்கில் பத்து கோல் அடித்து, அந்தப் பருவத்தின் அதிக கோல் அடித்தவர் ஆனார். அப்போது அவர் போட்டிருந்தது எஃப்.சி. கொச்சின் சட்டை. 1997இல் பிறந்த அந்தக் கிளப் இந்தியாவின் முதல் தொழில்முறைக் கிளப் என்று கொண்டாடப்பட்டது. ஐ.எம். விஜயன், ஜோ பால் அஞ்சேரி போன்றவர்களைப் பெரும் பணம் கொடுத்து இழுத்தது. பிறந்த ஆண்டிலேயே மோகன் பகானை 3-1 என்று வென்று டூரண்ட் கோப்பையைத் தூக்கியது. ஐந்தே ஆண்டில் பணம் இல்லாமல் மூடிவிட்டது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பாக்கிச் சம்பளத்தோடு வேறு ஊர் பார்த்தார்கள்.

தஞ்சாவூரின் காலியா குலோத்துங்கனுக்கும் இதே போக்குவரத்துதான். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன், பிறகு மும்பை, கேரளம். 2003இல் ஈஸ்ட் பெங்கால் ஜகார்த்தாவில் ஆசியான் கிளப் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். கொல்கத்தாவில் அவர் பெயரைத் தெரியாத பந்து ரசிகன் குறைவு. தஞ்சாவூரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால் சங்கடமாக இருக்கும். 2018இல் சொந்த ஊரில் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார்.

கடல் தாண்டிய தமிழர்களிலும் இந்த வகை உண்டு. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி 1980களில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்புக்குப் போனார், திரும்பி வந்து மலேசிய மாநில அணிகளில் மாறி மாறி ஆடினார், 2016இல் சிங்கப்பூர் தேசிய அணிக்குப் பயிற்சியாளரானார். உலக அளவில் பார்த்தால் இதெல்லாம் சாதாரணம். ஜெர்மானிய கோல்கீப்பர் லுட்ஸ் ஃபானன்ஷ்டீல் ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடியவர். உருகுவேயின் செபாஸ்தியன் அப்ரேயு 2017இல் தன் 26ஆவது கிளப்பில் சேர்ந்து கின்னஸ் சாதனை படைத்தார். அங்கே இப்படி அலைபவரின் ஒப்பந்தத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

இங்கே வேறு மாதிரி. 2010இல் மஹிந்திரா யுனைடெட், 2011இல் ஜே.சி.டி. என்று நிறுவன அணிகள் கலைந்தன. இந்தியன் வங்கியும் 2000களில் மேல்தட்டிலிருந்து இறங்கிவிட்டது. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகள் சுருங்கின. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல். வந்தது, சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2017-18இலும் பட்டம் வென்றது. பணம் கூடியது உண்மை. ஆனால் இப்போது உத்தியோகம் என்ற மறுவழி குறுகிப்போனதால் எல்லாருமே ஊர்சுற்றிகள். வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் புனே, சென்னை, கேரளம் என்று ஆடினார். குமரி மாவட்டக் கடற்கரை மீனவர் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் வழியாக ஏ.டி.கே.யில் 2020இல் பட்டம் வென்றார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தில் வெளியேறினார்.

ஆட்டக்காரர் கிளப் மாறுவது போக, கிளப்பே ஊர் மாறுகிறது. நந்தகுமார் சேகர் ஆடிய டெல்லி டைனமோஸ் 2019இல் புவனேஸ்வருக்குக் குடிபெயர்ந்து ஒடிசா எஃப்.சி. ஆனது. அவரும் கூடவே போனார். பிறகு ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்து, 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்தார். தொடர்ந்து எட்டு டெர்பி தோற்றிருந்த கிளப்புக்கு அது சாதாரண கோல் அல்ல. பஞ்ச பாண்டவர் காலத்திலிருந்து ஈஸ்ட் பெங்காலின் தெற்கத்திக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

சில சமயம் கிளப்பே களத்தில் இருக்காது. 2021-22 ஐ-லீக்கில், மூன்று பருவத்துக்கு முன்புதான் பட்டம் வென்றிருந்த கோயம்புத்தூரின் சென்னை சிட்டி ஆடவே இல்லை. 2025 ஜூலையில் இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையே ஒப்பந்தச் சிக்கல் வந்து ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் வேலைகளை நிறுத்துவதாக அறிவித்தது. ஒப்பந்தக் காகிதம் கையிலும் ஆட்டம் இல்லாத காலண்டர் சுவரிலுமாக இருந்த அந்த மாதங்களில், ரயில்வே, வருமான வரி அணிகளின் கோட்டா அறிவிப்பு எப்போது வரும் என்று விசாரிப்பது தமிழ்நாட்டு ஆட்டக்காரனுக்கு மறுபடியும் அர்த்தமுள்ள காரியமாகிவிட்டது.