நிரந்தரக் குடியிருப்பும் பிரசாவுரிமையும்: மலையகத் தமிழர் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கைக் கரையில் அமைந்தது கட்டுகஸ்தோட்டை. இப்பெயரின் ஈற்றிலுள்ள 'தோட்டை' தமிழ்த் 'தோட்டம்' அன்று. துறை எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் திரிபாகும். மன்னாரிற் கரையிறங்கி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்த தென்னிந்தியத் தொழிலாளர் கண்டியை அடைவதற்கு மகாவலியைக் கடக்கவேண்டியிருந்தது இவ்விடத்திலேயே. இத்துறையைக் கடந்தவர்கள் எப்பொழுது இந்நாட்டு மக்களாயினர் என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் வினாவாகும்.

கோப்பிக் காலத்தில் இவ்வினா எழவில்லை. கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் மட்டுமே பெருந்தொகையான தொழிலாளர் வேண்டப்பட்டனர். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்த வந்தவர், பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டு முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழிக்க, அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. எனவே மூலதனத்திற்கு நிலையான உழைப்புப்படை தேவைப்பட்டது. ஆடவரோடு பெண்களும் பிள்ளைகளும் வந்தனர், லயங்கள் எழுந்தன. நிரந்தரக் குடியிருப்பைத் தோற்றுவித்தது தனிமனித விருப்பு அன்று. உற்பத்தி முறையில் ஏற்பட்ட மாற்றமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் அரசு இதனை மனத்தின் நோக்கமாகவே அளக்க முற்பட்டது. 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியபொழுது, இந்தியத் தொழிலாளரிற் பெரும்பாலோர் இந்நாட்டில் நிலைபெறும் எண்ணத்தை மெய்ப்பிக்கவேண்டியவராயினர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களைப் பெருமளவில் நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வசித்திருக்கவேண்டும் என விதித்தது. ஓராண்டுக்கு மேல் நாட்டை விட்டு நீங்கியிருப்பின் அத்தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. மனைவி மக்களும் இங்கு வாழ்வதைக் காட்டவேண்டியிருந்தது. எழுத்தறியாத தொழிலாளியிடம் ஆவணங் கேட்கப்பட்டது. ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பிய பணமும் ஐயத்திற்கு இடமாயிற்று. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இச்சட்டங்களின் வர்க்க உள்ளடக்கத்தை மறைத்தல் இயலாது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றன. இவ்வாக்குகளைப் பறித்தமை நாட்டுத் தொழிலாளர் இயக்கம் முழுவதன்மீதும் விழுந்த அடியாகும். எனினும் பழி ஆளும் வர்க்கத்தோடு முடிவதன்று. இலங்கைத் தமிழ்த் தலைமையின் ஒரு பகுதி 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த லங்கா சமசமாஜக் கட்சியோ, 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபொழுது அரசாங்கத்தின் பங்காளியாயிருந்தது. இதனை மறந்து எழுதப்படும் முற்போக்கு வரலாறு முழுமையற்றது.

அவ்வொப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இப்பங்கீட்டில் அம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. ஆனால் விண்ணப்பங்கள் அவர்தம் விடையைக் கூறின. இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்ட 6 இலட்சத்துள் விண்ணப்பித்தோர் 5,06,000 பேரே. மிகுதி 94,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்க 1986ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. விண்ணப்பித்தோரிற் பலரையும் பசியும் வன்செயல்களுமே அவ்வாறு செய்யத் தூண்டின. திரும்பிச் சென்றவர் தமிழகத்தில் 'சிலோன்காரர்' என்றே அழைக்கப்பட்டனர். இலங்கை ஆணையாளர் ஏற்க மறுத்த நிரந்தரத்தை நீலகிரியின் அயலவர் ஒரு சொல்லில் ஏற்றுக்கொண்டனர் எனலாம்.

இலக்கியம் இவ்வுண்மையைச் சட்டத்திற்கு முன்னரே கண்டுகொண்டது. சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களில், தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்ட மூதாதையரின் உழைப்பு மண்ணுரிமையாக வெளிப்படுகிறது. தெளிவத்தை ஜோசப் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட சிறுகதைத் தொகுதியின் பெயர் 'நாமிருக்கும் நாடே'. பாரதியை நினைவூட்டும் அத்தலைப்பை, நாடற்றவர் எனப்பட்ட சமூகத்தின் எழுத்தாளர் ஒருவர் தேர்ந்தமை தற்செயலன்று. வாய்மொழிப் பாடல்கள் புலம்பெயர்வின் துயரைப் பாட, எழுத்திலக்கியம் இருப்பின் உரிமையைப் பேசிற்று. இம்மாற்றம் சமூக உணர்வில் ஏற்பட்ட பண்புமாற்றத்தின் அடையாளமாகும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை பெற வழிசெய்தது. ஒரு காலத்தில் உரிமையை மறுக்கப் பயன்பட்ட 'நிரந்தரம்' என்னும் அளவுகோலே இப்பொழுது அதனை வழங்கப் பயன்பட்டது. மக்கள் மாறவில்லை, அரசின் தேவையே மாறிற்று. எனினும் தலைமுறைகளாக வாழ்ந்த லய அறையும் அதனைச் சூழ்ந்த நிலமும் தொழிலாளரிற் பெரும்பாலோருக்கு இன்னும் உடைமையாகவில்லை. வாக்குச்சீட்டு மட்டும் ஒருவரை நிலைபெறச் செய்வதில்லை, காணியுறுதியும் வேண்டும். துறையைக் கடந்தவர் கரையேறிவிட்டனரா என்னும் வினா, ஆதலால், இன்னும் முடிந்த வினாவன்று.